வலது இருக்கை

இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டதா என்று அம்மா விரலைத் தண்ணீரில் தொட்டு அதன் அடியில் தெளித்துப் பார்த்தாள். சுர்ரென்றது. உடனே மகனுடைய வெள்ளைச் சட்டையை மேசைமேல் விரித்தாள். காலர், கை, தோளில் பட்டை செருகும் இடம் என்று ஒவ்வொன்றாக, குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தில் தேய்த்தாள்.

பக்கத்திலேயே நாற்காலி முதுகில் மகள் பெரியவளின் சட்டையும் நேற்றைய கசங்கலோடு தொங்கியது. அதையும் ஒரு இழுப்பு இழுத்துவிடலாம் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. இந்த வீட்டில் அது என்றைக்குத் தோன்றியிருக்கிறது, இன்றைக்குத் தோன்ற?

பெரியவள் சமையலறை வாசலில் காபியோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மாலை அவள் ஓடுபாதையில் இறங்கி, விமானத்தின் கதவைத் திறந்து, புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்ததோடு போன வாரம் கதையை நிறுத்தினோம். விட்ட இடத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு போவோம். இல்லாவிட்டால் அம்மா இப்போது கேட்கப்போவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது புதிதாக வந்தவர்களுக்கு உறைக்காது.

அக்கா, தம்பி இருவருக்கும் விமானம் ஓட்டும் உரிமம் இருக்கிறது. ஆனால் ஏர்லைன்ஸில் வேலை வேண்டுமானால் உரிமம் மட்டும் போதாது. இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று மலைபோல் ஒரு கணக்கு உண்டு. அந்த மணிகளைச் சேர்க்கத்தான் இரண்டு வருஷமாக இருவரும் நாயாய் அலைகிறார்கள். பெரியவள் பறக்கும் கிளப்பில் பயிற்சியாளராகச் சேர்ந்து, கற்றுக்குட்டிகளை ஏற்றிக்கொண்டு, ஒரே ஓடுபாதையைச் செக்குமாடாகச் சுற்றி மணி சேர்த்தாள். தம்பி, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்தான்.

உட்கார்ந்து என்று சொன்னது குத்தலாகத்தான். ஆனால் அது ஏமாற்று வேலை இல்லை, சட்டப்படி சரியானது. ஒருவர் நெற்றியில் ஹூட் என்கிற நீண்ட பிளாஸ்டிக் மறைப்பை மாட்டிக்கொள்வார். மாட்டினால் வானமும் தெரியாது, மண்ணும் தெரியாது. எதிரே இருக்கிற முள் கடிகாரங்கள் மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்தே ஓட்டிப் பழக வேண்டும். மற்றவர் வெளியே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிரே ஏதாவது வந்தால் கத்த வேண்டும், கத்த நேரமில்லை என்றால் கட்டுப்பாட்டைப் பிடுங்கித் திருப்ப வேண்டும். இப்படிப் பறந்தால், பறந்த நேரம் இருவர் கணக்கிலும் ஏறும்.

வழக்கமாக ஹூட் மாட்டுபவர் இடது பக்கம் உட்காருவார். அந்தப் பழைய சின்ன விமானத்தில் முக்கியமான கடிகாரங்களெல்லாம் இடது இருக்கைக்கு எதிரேதான். ஆனால் தம்பிக்கு இடது இருக்கையை விட்டு நகர மனசு வராது. அதுதானே கேப்டனின் இருக்கை! ஐந்து வயதில் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு விமானம் ஓட்டியதால் வீட்டில் அவனுக்குக் கேப்டன் என்றே பெயர். நாற்காலியைக் கவிழ்த்துக் கொடுத்தது பெரியவள். அவளுக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை. முதலில் பிறந்தாள், பெரியவள் ஆனாள், அவ்வளவுதான்.

"நீதான் வலது பக்கத்துலேர்ந்தே எல்லாம் பண்ணுவியே அக்கா" என்று அவன் இடதிலேயே உட்கார்ந்துகொள்வான். அவளும் சரி என்பாள். பயிற்சியாளரின் இடம் வலதுதான். நாள் பூராவும் அங்கே உட்கார்ந்து, கடிகாரங்களை எட்டி எட்டிப் பார்த்து, அவள் கழுத்தே ஒரு பக்கமாகத் திரும்பிப்போயிருந்தது.

நேற்றும் அப்படித்தான். ஹூட் அவள் தலையில். வெளியே பார்க்க வேண்டியவன் அவன். இடது பக்கமாக, வயலுக்கு மருந்து தெளிக்கிற மஞ்சள் விமானம் ஒன்று மயிரிழையில் உரசாமல் போனது. விமானம் தூக்கிப்போட்டது. அவள் ஹூட்டைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தபோது மஞ்சள் றெக்கை தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தம்பி தலையை நிமிர்த்தினான்.

இன்றைக்குக் கிளப்பில் விசாரணை.

"நான் ஒண்ணு சொல்வேன். கத்தக் கூடாது" என்றாள் அம்மா, சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கத்துற மாதிரி சொன்னா கத்துவேன்."

"வெளியே பார்த்துட்டு இருந்தது நீதான்னு சொல்லிடு."

பெரியவள் காபியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னே?"

"ஹூட் அவன் போட்டிருந்தான், நான் ஒரு நிமிஷம் அசந்துட்டேன்னு சொல்லிடு. வாத்தியாரம்மா நீ. உன்னை என்ன பண்ணிடப் போறாங்க? ரெண்டு திட்டு திட்டுவாங்க."

"வாத்தியாரம்மாங்கிறதாலதாம்மா முதல்ல என் கழுத்தைப் பிடிப்பாங்க. உரிமத்தை முடக்குவாங்க. அது திரும்பி வந்தாலும் எந்த ஏர்லைன்ஸ் போனாலும் முதல் கேள்வி, ஏதாவது சம்பவம் உண்டான்னுதான் கேப்பாங்க. உண்டுன்னு சொன்னா வாசலோட அனுப்பிடுவாங்க. அதோட என் கதை முடிஞ்சுது."

"அப்ப அவன் கதை முடியலாமா?"

"அவன்தானே பார்க்கலை!"

"அவனுக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ."

இது பெரியவளுக்குப் புதுச் செய்தி. இருவரும் ஒரே ஏர்லைன்ஸுக்குத்தான் ஒரே நாளில் விண்ணப்பித்திருந்தார்கள். மேலே பறக்கும்போது தங்கள் போன் அணைந்திருக்கும், நல்ல செய்தி வந்து திரும்பிப் போய்விடக் கூடாது என்று இருவருமே அம்மாவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் போன் எப்போதும் விழித்திருக்கும்.

"எப்ப கூப்பிட்டாங்க?"

"நேத்து."

"நேத்து எப்ப?"

"என்னைக் குறுக்கு விசாரணை பண்ணாதே. வேலை நடுவுல வந்துச்சு, எடுத்தேன்."

"எனக்கு?"

"வந்தா சொல்ல மாட்டேனா?"

கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்பதைப் பெரியவள் அப்போது கவனிக்கவில்லை. அவள் மனசு வேறெங்கோ இருந்தது.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தாள். குரலை இறக்கினாள். கிளினிக்கில், பல் பிடுங்கப் பயந்து ஓடப்பார்ப்பவர்களை உட்கார வைக்கிற குரல் அது.

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்டி. நீ தாங்குவே. அப்பா போனப்போ தாங்கினே. கல்யாணம் நின்னப்போ தாங்கினே. அவன் தாங்க மாட்டான். உடைஞ்சிடுவான்."

"எனக்கு உடையத் தெரியலைங்கிறதுதான் என் தப்பா?"

அம்மா சட்டையை ஹேங்கரில் மாட்டி, பொத்தான் போட்டாள். பெரியவள் தன் கசங்கிய சட்டையை எடுத்து அப்படியே மாட்டிக்கொண்டாள்.

*

கார் ஓட்டியது பெரியவள். கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டால் சட்டை கசங்காமல் விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, கோபமா?"

"இல்லை. குதிச்சுக் கும்மாளம் போடுறேன். பார்த்தா தெரியலை?"

"அம்மா பேசினதை விடு. அது அவங்க பயம். நான் ஒண்ணும் சொல்லச் சொல்லலை."

"வேண்டாம்னும் சொல்லலையே. குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு நின்னுட்டு இருந்தே. குளிக்கிற சத்தமே வரலை."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எதிராளிக்கும் சிரிப்பு வந்துவிடும். இருபத்தைந்து வயதாகியும் அந்தச் சிரிப்பை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"மாட்டினேனா!" என்றான். பிறகு சிரிப்பு அடங்கியது. "அக்கா, சத்தியமா சொல்றேன். நீ என்ன சொல்றியோ அதுக்கு நான் தலையாட்டறேன். ஹூட் உன்கிட்ட இருந்துச்சுன்னு நீ சொன்னா, ஆமான்னு சொல்வேன்."

"நான் சொன்னா ஆமான்னு சொல்றதுக்கு அது என்னடா கதையா? நடந்தது அதுதானே?"

"சரி, நடந்ததுதான். ஆமான்னு சொல்வேன். போதுமா?"

"நேத்து ஏன்டா தலையைக் குனிஞ்சிருந்தே?"

"வரைபடம் கீழே விழுந்துச்சு. எடுத்தேன்."

வரைபடம் அவள் மடியில்தான் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. தம்பி ஆமாம் என்று சொல்லிவிடுவான் என்பதே அந்த நேரத்தில் பெரிய ஆறுதலாக இருந்தது. மனுஷ மனசு, எதையாவது பிடித்துக்கொண்டு கரையேறத்தானே பார்க்கும்? போகிற வழியில் நின்று அவனுக்குப் பிடித்த ஆரஞ்சு ஜூஸ்கூட வாங்கிக் கொடுத்தாள். இளிச்சவாய்!

கிளப்பின் கொட்டகையில் அவர்கள் ஓட்டும் வெள்ளை விமானம் மூக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி நின்றது. வெள்ளைப் பலகையில் அன்றைய பயிற்சி வகுப்புகள் எழுதியிருக்கும். பெரியவளின் வகுப்புகள் எல்லாமே அழிக்கப்பட்டிருந்தன. அழித்தவர் சரியாகத் துடைக்கவில்லை. எழுத்துகளின் நிழல் இன்னும் இருந்தது.

அவளிடம் படிக்கிற மாணவி ஒருத்தி எதிரே வந்தாள். வழக்கமாக ஓடி வந்து ஒட்டிக்கொள்பவள், இன்றைக்குக் காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

*

தலைமைப் பயிற்சியாளரைக் கிளப்பில் எல்லோரும் மீசை என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பேனாவைக் கழற்றுவதும் மூடுவதுமாக இருந்தார். சுவரோரம் மருந்து தெளிக்கும் விமானி உட்கார்ந்திருந்தார். உழைத்து முறுக்கேறிய உடம்பு. கோபத்தில் அவர் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்க" என்றார் மீசை அவரிடம்.

"என்னத்தைச் சொல்ல? வயலைவிட்டு மேலே ஏறி வர்றேன். இந்த வெள்ளை விமானம் கோடு போட்ட மாதிரி நேரா வருது. ஒரு இம்மி திரும்பலை. கடைசி நேரத்துல நான் மூக்கைக் கீழே தள்ளலைன்னா இன்னிக்கு எங்க வீட்டுல எல்லாரும் அழுதுட்டு இருப்பாங்க. ரெண்டு பிள்ளைங்க எனக்கு."

மீசை பேனாவைக் கழற்றினார்.

"உள்ளே யாரையாவது பார்த்தீங்களா?"

"இடது பக்கம் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தேன். அவ்வளவு கிட்டக்க. தலையைக் குனிஞ்சு வச்சிருந்தான். அந்தப் பக்கம் யாரு, என்னன்னு தெரியலை."

மீசை பேனாவை மூடினார். "தலை குனிஞ்சிருந்தான்னா ஹூட் போட்டிருந்திருக்கான்." கேப்டனைப் பார்த்தார். "நீதானே இடது?"

"ஆமா சார்."

"ஹூட் உன்கிட்டதானே?"

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தேய்த்த சட்டையின் கை மடிப்பைப் பார்த்தான். அந்த ஒரு கணத்தில் அவளுக்கு என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்துவிட்டது.

"ஆமா சார்" என்றான் கேப்டன். "என்கிட்டதான்."

அடப்பாவி! வழியில் வாங்கிக் கொடுத்த ஜூஸ் இன்னும் அவன் வயிற்றில் இறங்கியிருக்காது.

"அப்ப வெளியே பார்த்தது நீ" என்றார் மீசை, பெரியவள் பக்கம் திரும்பி. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கலைம்மா."

"இல்லை சார். ஹூட் என்கிட்ட இருந்துச்சு."

"வலது பக்கத்துலயா?"

"ஆமா சார்."

"வலது பக்கம் உட்கார்ந்து யாராவது ஹூட் போடுவாங்களா? கடிகாரம் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு."

"எப்பவும் அப்படித்தான் சார் போடுவேன். இவன் இடது சீட்டை விட மாட்டான். நானும் சரின்னு விட்டுட்டேன். அது என் தப்பு."

"அக்கா..." என்றான் கேப்டன், மெதுவாக, பரிதாபமாக. யாருக்கோ புத்தி பேதலித்துவிட்டதைப் பார்த்து இரங்குகிற மாதிரி. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

"நெஞ்சில கை வச்சுச் சொல்லுடா."

அவன் வைக்கவில்லை.

மீசை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்தடிப்பவரைப் பார்த்தார். "கோடு போட்ட மாதிரி நேரா வந்துச்சுன்னீங்க?"

"ஸ்கேல் வச்ச மாதிரி."

"அதுதான் எனக்கு இடிக்குது" என்றார் மீசை. "இந்தப் பையன் ஹூட் போட்டா எப்படி ஓட்டுவான்னு எனக்குத் தெரியும். பாம்பு நெளியற மாதிரி இருக்கும். ஆனா வலது பக்கம் இருந்து அவ்வளவு நேரா ஓட்ட முடியும்னும் எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கூட ஓட்ட மாட்டேன்." எழுந்தார். "ஹூட்டை எடு. வலது பக்கம் நீ, இடது பக்கம் நான். நேத்து போன அதே வழி. முள் கோட்டைவிட்டு நகராம ஓட்டிக் காட்டு. காட்டினா நீ சொன்னது நிஜம். நெளிஞ்சுதுன்னா இவன் சொன்னது நிஜம். யாரு பொய் சொன்னாங்களோ, அவங்க இனிமே விமானத்தைத் துடைக்கக்கூட என் கிளப்புக்குள்ள வரக் கூடாது. மேலதிகாரிக்கும் அப்படியே எழுதி அனுப்பிடுவேன்."

கேப்டனின் முகத்தில் ரத்தமே இல்லை. "சார், ஒரு நிமிஷம்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். யாருக்குப் போன் செய்தான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

*

விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள் பெரியவள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்தாள். எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கலக்கமில்லாமல் இருந்தது.

வாடகைக் கார் ஒன்று வேலியருகே நின்றது. அம்மா இறங்கி ஓடி வந்தாள். கிளினிக்கின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மூச்சு வாங்கியது.

"மேலே போகாதே."

"போய்த்தாம்மா ஆகணும்."

"சரி, போ." அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போய், கொஞ்சம் கோணலா ஓட்டிடு."

பெரியவளுக்குக் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை.

"கொஞ்சம்தான்டி. நெளிஞ்சா போதும்னாராமே. நீ பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயையே திறக்க வேண்டாம். கை லேசா தப்பினா போதும்."

"அம்மா, உனக்கு நான் யாரு?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"கேட்கிறேன். சொல்லு. நான் யாரு உனக்கு? அவன் ஏறிப் போற ஏணியா? அவன் என் பக்கத்துல உட்கார்ந்தே எல்லா மணியையும் சேர்த்தான். நான் வாய் திறக்கலை. இப்ப என் பேரையும் எடுத்துக்கப் பார்க்கிறான். நீ சட்டையைத் தேச்சுக் கொடுத்து அனுப்புறே."

அம்மாவின் முகம் கோணியது. அழப்போகிறாளோ என்று நினைத்தாள். அழவில்லை. வேறொன்று வந்தது.

"அவன் மேல தப்பில்லைடி. நான்தான் கூப்பிட்டேன்."

"என்னது?"

"நேத்து. ஏர்லைன்ஸ்லேர்ந்து போன் வந்ததும் எனக்குத் தலைகால் புரியலை. உடனே அவனுக்கு அடிச்சேன். எடுக்கலை. மறுபடி அடிச்சேன். மறுபடி. அப்புறம் மெசேஜ் போட்டேன். போனை அணைக்காம வச்சிருந்திருக்கான், அதைப் படிக்கத்தான் குனிஞ்சிருக்கான். எனக்குத்தான் பதில் போட்டுட்டு இருந்திருக்கான்."

கொட்டகையில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். பெரியவள் கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் மேலே இருக்கோம்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஹூட் போட்டுட்டுப் பறக்கப் போறோம்னு காலையிலேயே சொல்லிட்டுத்தான் போனேன்."

"ஆசை கண்ணை மறைச்சிடுச்சு. போதுமா? சந்தோஷத்துல செஞ்சுட்டேன். அவன் வேலை போச்சுன்னா அது என்னாலதான்னு நான் சாகிற வரைக்கும் அரிச்சுக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் உன் காலைப் பிடிக்கிறேன்."

"செத்திருந்தா ரெண்டு பேரும் செத்திருப்போம்மா. உன் போனுக்குப் பதில் போட்டுட்டே."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவளுக்கு அந்த நேரத்தில் இரக்கம் வரவில்லை. வர வேண்டும்தான். வரவில்லை. அதற்குப் பதிலாகக் காலையில் கவனிக்காமல் விட்ட ஒன்று சட்டென்று உறைத்தது.

"அம்மா. ஏர்லைன்ஸ்லேர்ந்து கூப்பிட்டவங்க, என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

அம்மா விமானத்தின் சக்கரத்தைப் பார்த்தாள்.

"கேட்டாங்களா, இல்லையா?"

"நீ முதல்ல பறந்துட்டு இறங்கி வா" என்றாள் அம்மா. "சொல்றேன்."

"ஏறும்மா, நேரமாச்சு!" என்று மீசை அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். பெரியவள் அம்மாவின் கையை விலக்கிவிட்டு ஏறினாள். வலது பக்கம்.

*

மேலே ஏறி நேராக்கியதும், "கட்டுப்பாடு உன்கிட்ட" என்றார் மீசை. "ஹூட்டைப் போடு. வெளியே நான் பார்த்துக்கறேன்."

நேற்று தம்பியும் இதையேதான் சொன்னான். வெளியே நான் பார்த்துக்கறேன் அக்கா, நீ நிம்மதியா ஓட்டு.

ஹூட்டை மாட்டுவதற்கு முன் கீழே ஒருமுறை பார்த்தாள். வேலியோரம் நீலமாக ஒரு புள்ளி, வெள்ளையாக ஒரு புள்ளி. ஒட்டி நின்றன. ஹூட் இறங்கியது. வானமும் போயிற்று, வேலியும் போயிற்று.

இனி கடிகாரங்கள்தான். கழுத்தை இடது பக்கம் திருப்பி, பழகிய வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உயரம். திசை. வேகம். முள் கோட்டில் நின்றது.

கொஞ்சம்தான்டி, என்றாள் அம்மா காதுக்குள்.

உண்மையில் கோணலாக ஓட்டுவது ஒரு வேலையே இல்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். காற்று தானே தள்ளிவிடும். நேராக வைத்திருப்பதற்குத்தான் மெனக்கெட வேண்டும். அம்மா கேட்டதும் அவ்வளவுதான், ஒன்றும் செய்யாதே. யோசித்துப் பார்த்தால் இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அவளிடம் கேட்டது எல்லாமே அதுதான். கேட்காதே. சொல்லாதே. தாங்கு.

அவள் கையைத் தளர்த்தினாள்.

உங்களிடம் மறைக்கவில்லை. தளர்த்தினாள்தான். தம்பி உடைந்துபோவதைக் கண்ணால் பார்க்க அவளுக்கும் தெம்பில்லை. நாற்காலியைக் கவிழ்த்துக் கொடுத்தவள் அவள்தானே? திசை முள் மெல்ல நகர்ந்தது. ஒரு கோடு. இன்னொரு கோடு. மீசை பெருமூச்சு விடுவது ஹெட்போனில் கேட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் எல்லாம் முடிந்துவிடும். அவன் இன்டர்வியூவுக்குப் போவான், தேய்த்த சட்டையோடு. அவள் வீட்டில் உட்கார்ந்து தாங்குவாள்.

நீ முதல்ல பறந்துட்டு இறங்கி வா, சொல்றேன்.

அவளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்றால், இல்லை என்று அங்கேயே சொல்லியிருப்பாளே அம்மா? ஒரு சொல். அதைச் சொல்வதற்கு எதற்கு ஒருத்தி இறங்கி வர வேண்டும், அதுவும் கோணலாக ஓட்டிவிட்டு? அப்படியானால் அவளையும் கேட்டிருக்கிறார்கள்.

பெரியவளின் கை கட்டுப்பாட்டை இறுக்கிப் பிடித்தது. லேசாக ஒரு அழுத்தம், காலில் ஒரு மிதி. முள் திரும்பி வந்தது. ஒரு கோடு. இன்னொரு கோடு. கோட்டின் மேல் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அதற்கப்புறம் காற்று தூக்கிப்போட்டபோதும் நகரவில்லை. இரண்டு வருஷமாகக் கற்றுக்குட்டிகளின் கைத்தப்பை எல்லாம் அந்த வலது பக்கத்திலிருந்துதான் அவள் திருத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்கு வேறு விதமாக ஓட்டத் தெரியவில்லை.

ஒவ்வொரு கடிகாரமும் சரியாக இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, கீழே ஒருவன் எதிர்காலம் கழன்றுகொண்டிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரிந்தது. வெறுப்பாக இருந்தது. அம்மாமேல், தம்பிமேல், இவ்வளவு நேராக ஓட்டுகிற தன்மேலும்.

நேற்று மஞ்சள் விமானம் குறுக்கிட்ட இடத்தைத் தாண்டியதும் மீசை தொண்டையைச் செருமினார்.

"போதும்மா. பார்த்துட்டேன். ஹூட்டைக் கழட்டு."

அவள் கழற்றவில்லை.

"போதும்னு சொன்னேன். நீ சொன்னதுதான் நிஜம். கழட்டு, திரும்பிப் போலாம்."

திரும்பிப் போகலாம். திரும்பினால் ஓடுபாதை தெரியும். ஓடுபாதை தெரிந்தால் வேலி தெரியும். வேலியோரம் நிற்கிற இரண்டு பேரும் தெரிவார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார்" என்றாள் பெரியவள். குரல் உடைந்தது. இந்தக் குடும்பத்தில் உடையத் தெரியாதவள் என்று பெயரெடுத்தவளின் குரல்.

ஹூட்டின் ஓரத்தில் அவள் தாடை மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அது நனைந்திருந்தது. மீசை அவர் பாட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.